கடவுளின் மௌனமும் விசுவாசியின் இளைப்பாறுதலும்

அநீதியை எதிர்த்துச் சிறை புகுந்தவர்கள் பட்டினியையும் தனிமையையும் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றினும் கொடிய துன்பம் ஒன்றுண்டு. எந்தத் தெய்வத்தை நம்பி ஒருவன் அறத்தின் பக்கம் நின்றானோ, அத்தெய்வமே வாய் திறவாதிருப்பதாகத் தோன்றும் துன்பம் அது. இரவெல்லாம் ஜெபித்தும் கதவு திறப்பதில்லை. அக்கிரமக்காரன் கை ஓங்கியே நிற்கிறது. நல்லோர் ஒருவர் பின் ஒருவராக மடிகின்றனர். அவ்வேளையில் விசுவாசம் எதைப் பற்றிக்கொண்டு நிற்பது? இதற்கு ஏட்டுச் சுரைக்காயான விடைகள் பல உள. நாம் அவற்றை விடுத்து, ஜெர்மனி தேசத்தில் ஒருவர் தம் உயிரையே கொடுத்துக் கண்ட விடையை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

டீட்ரிக் போன்ஹோபர் 1906-ம் வருஷம் பிறந்தவர். தந்தையார் பெர்லினில் பெயர்பெற்ற மனநோய் மருத்துவர். மகனோ வேதசாஸ்திரம் கற்று லுத்தரன் சபையின் குருவானார். 1933 ஜனவரியில் ஹிட்லர் அதிகாரபீடம் ஏறியபொழுது சபையில் பலர் மகிழ்ந்து வரவேற்றனர். வேறு பலர் அஞ்சி ஒதுங்கினர். யூதர்களின் உரிமைகள் பறிபோகத் தொடங்கிய அவ்வருஷத்திலேயே, சக்கரத்தில் அகப்பட்டவருக்குக் காயம் கட்டுவதோடு சபையின் கடமை தீராது, சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டிய காலமும் வரக்கூடும் என்னும் கருத்தை அவர் அச்சிலேற்றினார்.

காந்தியடிகளின் அறப்போரை அருகிலிருந்து கற்க வேண்டுமென்ற ஆவல் அவருக்கு இருந்தது. 1934-ல் அடிகள் அவரை இந்தியாவுக்கு அழைத்துக் கடிதமும் எழுதினார். ஆனால் ஹிட்லருக்குப் பணியாத சபையார் தம் இளங்குருமாரைப் பயிற்றும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தமையால் அப்பிரயாணம் கைகூடவில்லை. அந்தக் கலாசாலையையும் 1937-ல் ரகசியப் போலீஸார் மூடினர். 1939 ஜூனில் அவர் அமெரிக்கா சென்றார். அங்கேயே தங்கியிருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம். ஆயினும், தம் ஜனங்களின் துன்பத்தில் பங்கு கொள்ளாதவனுக்குப் பின்னர் அவர்களுடைய புனருத்தாரணத்திலும் பங்கில்லை என்று கருதி, ஒரு மாதத்துக்குள் திரும்பிவிட்டார். பின்பு ராணுவ ஒற்றர் இலாகாவினுள்ளிருந்தே ஹிட்லரைக் கவிழ்க்க முயன்ற கூட்டத்தாருடன் சேர்ந்தார். 1943 ஏப்ரல் 5-ம் தேதி கைதாகி, பெர்லினிலுள்ள டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு விவாக நிச்சயம் ஆகியிருந்தது.

இத்தகையவர் சிறையில் கலங்கவேயில்லை என்று எண்ணுவது தவறு. ஆரம்ப நாட்களில் எழுதிய குறிப்புத் துணுக்கொன்றில் தற்கொலை என்ற சொல்லே காணப்படுகிறது. 1944-ல் இயற்றிய ‘நான் யார்?’ என்னும் கவிதையில், பிறர் கண்ணுக்குத் தாம் தீரராகத் தோன்றுவதையும் உள்ளே சோர்ந்து கிடப்பதையும் ஒளிக்காமல் கூறுகிறார். கொட்டடியில் அசரீரி ஏதும் ஒலித்ததாக அவர் சொல்லவில்லை. காலையிலும் மாலையிலும் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார், வேதம் வாசித்தார், சங்கீதங்களைச் சொல்லி ஜெபித்தார். குண்டுவீச்சு இரவுகளில் உடன் கைதிகளைத் தேற்றினார். 1943 கிறிஸ்துமஸுக்கு அவர்களுக்காக ஜெபங்களும் எழுதிக் கொடுத்தார்.

சங்கீதங்களில் அவர் ஊறியவர். அவற்றைப் பற்றி 1940-ல் ஒரு சிறு நூலும் வெளியிட்டிருந்தார். 150 சங்கீதங்களுள் 88-வது சங்கீதம் ஆறுதல் மொழி எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் முன்னோர் ஜெபமென்றே வேதத்தில் சேர்த்தனர். பதில் வராதபோதும் அவரை நோக்கியே முறையிடுகிறவன் அவரை விட்டு அகன்றவனல்லன் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? சிலுவையில் தொங்கிய இயேசுவும் தம்மைக் கைவிட்டது ஏன் என்றே கேட்டார். வானம் அப்போதும் மறுமொழி சொல்லவில்லை. 1944 ஜூலையில் நண்பர் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில் போன்ஹோபர் இவ்விடத்தையே சுட்டுகிறார். பலத்தைக் காட்டி மீட்க வராமல், பலவீனராய் உடனிருந்து துன்புறுகிறவரே வேதம் காட்டும் தெய்வம் என்பது அவர் கண்ட முடிவு.

அம்மாதம் 20-ம் தேதி ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. தம் உயிருக்கும் முடிவு நெருங்கிற்று என்பதை உணர்ந்திருந்தும், மறுநாள் எழுதிய கடிதத்தில் அவர் நொந்துகொள்ளவில்லை. உலகத்தின் கடமைகளிலும் தோல்விகளிலும் முழுதும் இறங்கி வாழ்ந்துதான் மனிதன் விசுவாசிக்கக் கற்கிறான் என்று எழுதினார். செப்டம்பரில் தப்பியோட ஒரு வழி திறந்தது. காவலர் ஒருவர் துணை செய்ய இசைந்தார். ஆனால் சகோதரர் கிளவுஸ் கைதானார். தாம் ஓடினால் குடும்பத்தார்மீது பழி விழுமென்று அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். டிசம்பரில் ரகசியப் போலீஸாரின் சிறையிலிருந்து வீட்டாருக்கு எழுதியனுப்பிய கவிதை இன்றும் ஜெர்மானிய ஆலயங்களில் பாடப்படுகிறது.

இளைப்பாறுதல் என்று கிறிஸ்தவர் சொல்வதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. துன்பம் நீங்கினால் வருவது ஓய்வு. அது எவருக்கும் வரும். போன்ஹோபருக்குக் கிட்டியதோ, துன்பம் நீங்காதிருக்கையிலேயே வந்த அமைதி. இன்றைய கடமை தம்முடையது, முடிவு ஆண்டவனுடையது என்று பகுத்து, இரண்டாவதன் பாரத்தைத் தலையிலிருந்து இறக்கிவைத்தவரின் அமைதி அது.

1945 ஏப்ரல் 9-ம் தேதி பிளாசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார், வயது 39. இரண்டு வாரம் கழித்து அமெரிக்கப் படை அம்முகாமுக்குள் புகுந்தது. மூன்று வாரத்தில் ஹிட்லரும் மாண்டான். சகோதரர் கிளவுஸும் சகோதரிகளின் கணவர் இருவரும் அவ்வேப்ரலிலேயே கொலையுண்டனர். அந்த இரண்டு வாரத்துக்குக் காரணம் கேட்டால் நம்மிடம் விடையில்லை. விடை எளிதென்று சொல்வோர் பிள்ளையைப் பறிகொடுத்த அத்தாயின் முன் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. அன்று ஜெர்மனியில் நீதிஸ்தலங்கள் வாய்மூடின, சர்வகலாசாலைகள் வாய்மூடின, பிரசங்க பீடங்களிலும் பெரும்பாலானவை வாய்மூடின. மனிதர் பேச வேண்டிய இடத்தில் பேசாதிருந்துவிட்டு, அந்த மௌனத்தையும் கடவுளின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. கடவுள் பேசவில்லையே என்று வருந்தியவர்களுள் ஒருவராகிய போன்ஹோபர், தாம் பேச வேண்டியதைப் பேசி முடித்தார். அவர் கடிதங்கள் 1951-ல் நூலாக வந்தபொழுது ‘எதிர்ப்பும் அர்ப்பணமும்’ என்று அதற்குப் பெயரிட்டனர். அக்கிரமத்துக்கு எதிர்ப்பு, ஆண்டவனுக்கு அர்ப்பணம்: இவ்விரண்டும் ஓர் உள்ளத்தில் சேர்ந்து குடியிருக்குமாயின், விடை வராத இரவிலும் மனிதன் கண்ணயர்ந்து, விடிந்ததும் தன் வேலைக்கு எழுந்திருக்க முடியும்.