ஐந்து முறை எழுந்து உட்காருங்கள்!

நீளும் ஆயுள் – 12

கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். 'ஸ்டார்ட்' என்றதும் எழுந்து நிமிர்ந்து நின்று, மறுபடி உட்கார வேண்டும். கையை எங்கும் ஊன்றக் கூடாது. இப்படி ஐந்து முறை. பக்கத்தில் ஸ்டாப் வாட்சோடு ஒருவர் நிற்பார். பள்ளிக்கூட டிரில் போலத் தெரிந்தாலும், தொடையில் வலு எவ்வளவு மிச்சமிருக்கிறது, ஆள் தடுமாறி விழ வாய்ப்புண்டா என்பதை முதியோர் மருத்துவம் இதை வைத்தே எடைபோடுகிறது. 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை வலுவிழந்திருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள்.

இந்த நாற்காலி இப்போது ஹெச்.ஐ.வி. ஆராய்ச்சிக் கூடங்களுக்குள்ளும் வந்துவிட்டது.

முப்பது வருடங்களுக்கு முன்பு அதற்கு அங்கே வேலையே இருந்திருக்காது. ஹெச்.ஐ.வி. தொற்றியவர் முதுமையைத் தொடுவார் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போடவில்லை. 1996-ல் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது, கணக்கு மாறியது. அன்று முப்பதுகளில் மாத்திரையை ஆரம்பித்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அமெரிக்காவில் ஹெச்.ஐ.வி. இருப்பது கண்டறியப்பட்டு வாழ்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் 50 வயதைக் கடந்தவர்கள். இந்தத் துறையில் 'மூத்தவர்' என்ற கணக்கு 50-லேயே தொடங்கிவிடுகிறது.

ஏன் அவ்வளவு சீக்கிரம்? 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு விடை சொன்னது. காரணமில்லாமல் எடை குறைவது, சோர்வு, நடை மந்தமாவது போன்ற தளர்ச்சியின் அடையாளங்களை அது ஆண்களிடம் தேடியது. தொற்று ஏற்பட்டு நான்கு வருடங்களைத் தாண்டாத 55 வயதுக்காரர்களிடம் தெரிந்த தளர்ச்சி, தொற்று இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் தளர்ச்சிக்கு ஈடாக இருந்தது. ஏறக்குறைய பத்து வயது வித்தியாசம்!

வைரஸை மாத்திரை அடக்கி வைத்தாலும் உடம்புக்குள் மெல்லிய அழற்சி ஓயாமல் நீடிக்கிறது. அது ரத்தக் குழாயையும் தசையையும் அரிக்கிறது. இன்னொரு பங்கு பழைய மருந்துகளுடையது. ஸ்டாவுடின் போன்றவை உயிரைக் காப்பாற்றின. கூடவே உயிரணுக்களின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவையும் பதம் பார்த்தன. கன்னம் ஒட்டியது, கை கால் மெலிந்தது, பாதம் மரத்துப்போனது. மருந்தை மாற்றிய பிறகும் சிலருக்கு அந்தப் பாத எரிச்சல் போகவில்லை.

அப்படிப்பட்ட உடம்பை டிரெட்மில்லில் ஏற்றலாமா? வருத்தினால் இருக்கிற எதிர்ப்புச் சக்தியும் போய்விடுமோ என்ற தயக்கம் ஆரம்பத்தில் இருந்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் கெல்லி ஓ'பிரையனும் அவருடைய குழுவினரும் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி அலசினார்கள். 2016-ல் வந்த அலசலில் 24 ஆய்வுகள், 936 பேர். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 20 நிமிடம், ஐந்து வாரமாவது தொடர்ந்து பயிற்சி செய்வது உடல்நிலை சீராக இருப்பவர்களுக்குப் பாதுகாப்பானது என்று அது சொன்னது. மூச்சுத் திறனும் வலுவும் கூடின. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கையிலும், ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடிலும் குறிப்பிடும்படி மாற்றமில்லை.

சரி, வயதானவர்களுக்கு? கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் எர்லண்ட்சன் இதை நேரடியாகச் சோதித்தார். 50 முதல் 75 வயது வரை, உட்கார்ந்தே பழகிப்போனவர்கள். ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் ஓர் அணி, இல்லாதவர்கள் ஓர் அணி. 24 வாரம், வாரம் மூன்று நாள், பயிற்சியாளரின் கண் முன்னாலேயே நடையும் பளு தூக்கலும். முதல் 12 வாரம் எல்லோருக்கும் மிதமான பயிற்சி. பிறகு குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் கடினமான பயிற்சி.

2018-ல் முடிவு வெளியானது. தொடக்கத்தில் ஹெச்.ஐ.வி. அணியின் உடல் திறன் பின்தங்கித்தான் இருந்தது. ஆனால் படியேறுவதிலும் 400 மீட்டர் நடையிலும் அவர்களுடைய முன்னேற்றம் மற்ற அணியைவிட ஒரு படி அதிகம். கடினப் பயிற்சிக்குப் போன ஹெச்.ஐ.வி.காரர்கள் கையாலும் காலாலும் தள்ளிய எடை, மிதமான பயிற்சியில் இருந்தவர்களுடையதைவிடக் கூடியது. 'வயசாயிடுச்சு, நோய் வேற. மெதுவா நடந்தா போதும்' என்ற அறிவுரை இவர்களைக் குறைத்தே மதிப்பிட்டது.

இதில் 'பயிற்சியாளரின் கண் முன்னால்' என்பதைத் தள்ளிவிட முடியாது. பாதம் மரத்தவருக்கு டிரெட்மில் பட்டை எங்கே முடிகிறது என்று தெரியாது. செருப்புக்குள் கொப்புளம் வந்தாலும் உறைக்காது. எலும்பு அடர்த்தி குறைந்தவர் குனிந்து வெடுக்கென்று எடை தூக்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். 'பேச முடிகிறதா, பாட முடிகிறதா?' என்று கேட்டே பயிற்சியாளர் அளவைப் பிடிப்பார். பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிட்டால் அதிகம்.

ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான இப்படியொரு பயிற்சியை லண்டன் செல்சி அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனை வகுப்பாகவே நடத்தியது. பெயர், கோப்ளர் வகுப்பு. பிசியோதெரபிஸ்ட் முன்னின்று நடத்த, பத்து வாரம், வாரம் இரு முறை உடற்பயிற்சி. கூடவே உடல்நலப் பாடமும். எல்லோருக்கும் ஒரே அட்டவணை கிடையாது. அவரவர் இலக்கை அவரவரே வைத்துக்கொள்ளலாம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று முதலிலும் கடைசியிலும் அளந்தார்கள். தூரம் கூடியது, வலுவும் உடல் வளையும் தன்மையும் கூடின. பெயர் கொடுத்த எல்லோரும் பத்து வாரத்தையும் முடித்துவிடவில்லை என்பதும் உண்மை.

பாதியில் நிற்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. இந்த நோயில் நல்ல நாளும் மோசமான நாளும் சொல்லாமல் மாறி மாறி வரும் என்பதை ஓ'பிரையன் பல வருடங்களாக எழுதி வருகிறார். நேற்று 20 கிலோ தூக்கியவர் இன்று படுக்கையை விட்டு எழ மாட்டார். டொரன்டோ ஒய்.எம்.சி.ஏ.வில் அவர் குழு நடத்திய ஆறு மாதத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் பயிற்சி. வாரத்துக்கு ஒருமுறை பயிற்சியாளர் சந்திப்பார். பொது ஜிம்மில் சட்டையைக் கழற்றினால் ஒட்டிய உடம்பைப் பார்த்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமும் இவர்களுக்கு உண்டு. விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1986-ல் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டது சென்னையில்தான்; டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். 2004-ல் மத்திய அரசு ஹெச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் இருந்தது. அன்று கொடுத்த கலவையில் ஸ்டாவுடினும் உண்டு. அன்று நாற்பதைத் தொட்டிருந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். மாத்திரை வாங்க வரிசையில் நிற்கையில் முழங்கால் வலிக்கிறது என்பார். வயசுக் கோளாறு என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

ஏ.ஆர்.டி. மையத்தில் டாக்டர், நர்ஸ், கவுன்சிலர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் எல்லோரும் உண்டு. பிசியோதெரபிஸ்டுக்கு அங்கே தனிப் பதவி கிடையாது. ஆனால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதே வளாகத்திலேயே பிசியோதெரபி பிரிவு இயங்குகிறது. சி.டி.4, வைரல் லோடுக்குச் சீட்டு எழுதும் டாக்டர், 50 தாண்டியவரை வருடத்துக்கு ஒருமுறை அங்கே அனுப்பவும் ஒரு சீட்டு எழுதலாம். அந்தச் சீட்டில் நோயின் பெயரைப் பெரிதாக எழுதாமலிருக்க வேண்டும். பிசியோதெரபி பிரிவில் நாலு பேர் முன்னால் அதைக் கேட்காமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால், கோப்ளர் வகுப்பில் செய்ததில் பெரும்பகுதியை இங்கேயும் செய்துவிடலாம்.

(தொடரும்)