காப்புப்படியும் அறுபடும் இணைப்பும்

குடும்ப ஒளிப்படங்கள், மாணவரின் ஆய்வேடு, சிறு வணிகரின் கணக்கு எனப் பல வீடுகளின் நினைவும் உழைப்பும் இன்று கணினியின் வன்தட்டில் சேமிக்கப்படுகின்றன. வன்தட்டோ என்றேனும் ஒருநாள் பழுதாகக் கூடியது. எனவே, அதிலுள்ள கோப்புகளை வீட்டு வலையமைப்பின் வழியே மற்றொரு கணினியில் படியெடுத்து வைப்பர். இதுவே காப்புப்படி எனப்படும். படியெடுக்கும்போது இணைப்பு இடையில் அறுந்தால், உரியவர் அறியாமலேயே காப்புப்படி குறையுடையதாக நின்றுவிடலாம். வன்தட்டு பழுதான பின்னர் அதனை அறிந்து பயனில்லை.

நெடும்பணியில் வெளிப்படும் குறை

இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சில நொடிகள் போதும். காப்புப்படி அத்தகையதன்று. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 100 ஜிகாபைட் தரவு சென்றுசேர இரண்டேகால் மணி நேரத்திற்குக் குறையாது. தரவு சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. வழியில் தொலைந்த பொதியை மீண்டும் அனுப்பும் ஏற்பாட்டை 1974ஆம் ஆண்டில் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் முன்வைத்தனர். டிசிபி என்னும் அந்நெறிமுறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. சிறு தடைகளை அது சரிசெய்துவிடும். தடை நீண்டால் இணைப்பு கைவிடப்படும். ஆகவே, நாள்தோறும் நன்கு இயங்குவதாகத் தோன்றும் வலையமைப்பின் குறை, காப்புப்படி எடுக்கும்போது வெளிப்படுகிறது.

எப்போது அறுபடுகிறது?

பழுதைக் கண்டறிய எழுப்ப வேண்டிய முதல் வினா இதுவே. ஒவ்வொரு முறையும் தொடங்கியதிலிருந்து ஒரே கால அளவில் இணைப்பு நின்றால், இரு கணினிகளுள் ஒன்று உறக்கநிலைக்குச் செல்கிறதா என ஆராய வேண்டும். ஒரே கோப்பில் நின்றால், குறை பெரும்பாலும் அக்கோப்பிலோ வன்தட்டிலோ இருக்கும். சான்றாக, ஃபேட் 32 முறையில் வடிவமைக்கப்பட்ட தட்டு 4 ஜிகாபைட் அளவுள்ள கோப்பை ஏற்பதில்லை. ஒழுங்கின்றி அறுபட்டால், வைஃபை எனப்படும் அருகலையையோ கம்பிவடத்தையோ ஐயுற வேண்டும். அருகலையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நுண்ணலை அடுப்பும் புளூடூத் கருவிகளும் அண்டை வீட்டு அருகலையும் குறுக்கிடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல் குறைவு. ஆயினும், அது சுவர்களைக் கடக்கும்போது விரைவில் வலுவிழக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஐயத்தை உறுதிசெய்யச் சோதனை தேவை. கணினியைக் கம்பிவடத்தின் மூலம் திசைவியுடன் இணைத்துப் படியெடுத்தல் எளிய சோதனையாகும். இணைப்பு நிலைத்து நின்றால், குறை அருகலையில் இருந்தது எனலாம். கம்பியிலும் அறுந்தால், வடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ஈதர்நெட் வடத்தில் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்திற்கு நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். எனவே, 1000 மெகாபிட் வேகத்தில் இயங்கிய இணைப்பு 100 மெகாபிட்டாகக் குறைந்தால், வடத்திற்குள் ஒரு கம்பி முறிந்திருக்கலாம்.

1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் உருவாக்கிய பிங் என்னும் கட்டளையும் இதற்குத் துணைபுரியும். அது சிறு பொதிகளை அனுப்பி, மறுமொழி வருகிறதா எனக் காட்டும். திசைவியிடமிருந்து மறுமொழி வந்து, மறு கணினியிடமிருந்து வராவிட்டால், ஆராய வேண்டிய இடம் திசைவிக்கு அப்பால் என்பது தெளிவாகும். எச்சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் பழுது நீங்கலாம். அதன் காரணம் தெரியாது. காரணம் தெரியாத பழுது மீண்டும் வரும்.

படியைச் சரிபார்த்தல்

இணைப்பு சீரானவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. இடையில் அறுந்த நாள்களில் எடுத்த படிகள் முழுமையானவை எனக் கொள்ளலாகாது. மூலத்திலும் படியிலும் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட வேண்டும். சில கோப்புகளை மீட்டெடுத்துத் திறந்தும் பார்க்க வேண்டும். மீட்டெடுக்க இயலும் படியே காப்புப்படி. ஏனையவை காப்பாற்றிவிட்டோம் என்னும் எண்ணத்தை மட்டுமே தருவன.