ஜெட்டா, ரெய்னாவா?

உங்கள் தாத்தாக்களின் இளமைக் காலத்தில் டீக்கடை வாசல்களில் ‘எம்.ஜி.ஆரா, சிவாஜியா’ என்று வாதம் நடக்கும். பொழுது விடிந்தாலும் முடியாத வாதம் அது. இன்று வகுப்பறையின் கடைசி வரிசையில் நடக்கும் வாதம் வேறு. “ஜெட்தான் உசத்தி!” என்பான் ஒருவன். “போடா, நேற்று ஆடிய 10 ஆட்டத்தில் 6 ஆட்டம் ரெய்னாவை வைத்துத்தான் ஜெயித்தேன்!” என்பான் மற்றவன்.

ரெய்னா என்றதும் கிரிக்கெட் ஆட்டக்காரரை நினைத்துக் கொள்ள வேண்டாம். இவர்கள் இருவரும் ‘வேலரன்ட்’ என்னும் கணிப்பொறி விளையாட்டில் வரும் கற்பனைப் பெண்கள். அந்த விளையாட்டை நீங்கள் ஆடியிராவிட்டால் குற்றமில்லை. ஆடச் சொல்வதும் நம் நோக்கமன்று. ஆனால் அந்தப் பையன்களின் வாதத்துக்குள் ஓர் அருமையான விஞ்ஞானக் கேள்வி ஒளிந்திருக்கிறது. இரண்டு பொருள்களில் எது சிறந்தது என்று எப்படி அறிவது? இரண்டு மருந்துகளை ஒப்பிடும் மருத்துவருக்கும், இரண்டு நெல் ரகங்களை ஒப்பிடும் வேளாண்மை நிபுணருக்கும் எதிரே நிற்கும் கேள்வியும் இதுவே.

முதலில் ஆட்டத்தைச் சற்றுத் தெரிந்து கொள்வோம். அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் இதை வெளியிட்டது. அணிக்கு ஐவர். ஓர் அணி குண்டு வைக்க முயலும், மற்றது தடுக்கும். 13 சுற்றுகளை முதலில் வெல்லும் அணிக்கே ஆட்டம். ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். துப்பாக்கிகள் எல்லாருக்கும் ஒன்றே. பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறுபடுவது தனித் திறமைகள் மட்டும்தான்.

கதைப்படி ஜெட் தென்கொரியாவைச் சேர்ந்தவள். காற்று அவள் கைவசம். மேலே எம்புவாள், புகைத் திரை விரிப்பாள், கண் இமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் பாய்ந்து மறைவாள். இந்தப் பாய்ச்சல் அளவுக்கு மீறிய வலிமையாக இருக்கிறது என்று கருதிய நிறுவனம், 2022-ல் அதை முன்கூட்டியே தயார் செய்துகொண்டால்தான் பயன்படுத்தலாம் என்று மாற்றியது. ரெய்னா மெக்சிகோவைச் சேர்ந்தவள். எதிரியின் பார்வையை மங்கச் செய்யும் ஒரு மாயக் கண்ணை அவள் வீசுவாள். ஆனால் அவளுடைய முக்கியமான திறமைகள், இழந்த உடல்நலத்தைத் திரும்பப் பெறுவதும், சில கணங்கள் யாரும் சுட முடியாதபடி ஆவதும், ஓர் எதிரி வீழ்ந்த பிறகே கிடைக்கும். அதுவும் 3 வினாடிக்குள் பயன்படுத்திவிட வேண்டும்!

கவனித்தீர்களா? ஜெட்டின் பாய்ச்சல் சண்டைக்கு முன்பே அவள் கையில் இருக்கிறது. ரெய்னாவின் செல்வமோ முதல் வெற்றிக்குப் பிறகு வருவது. வட்டிக் கடைக்காரரின் கணக்கைப் போல, இருப்பவனுக்கே மேலும் சேரும். ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் 100-க்கு 60 முறை வெல்பவர் ரெய்னாவை ஆடினால், அந்தத் திறமைகள் 60 முறை கைக்கு வரும். 40 முறை மட்டுமே வெல்பவருக்கு 40 முறைதான் வரும். ஆகவே ‘ரெய்னாவின் வலிமை’ என்று ஒரு தனி எண் கிடையாது. அது ஆடுபவரையும் சேர்த்தே வருகிறது.

கால் வினாடிச் சண்டை

நேருக்கு நேர் மோதல் என்கிறோமே, அது எவ்வளவு நேரம் நடக்கும்? ‘வாண்டல்’ என்ற துப்பாக்கியை எடுத்துக் கொள்வோம். ஓர் ஆட்டக்காரரின் உடல்நலம் 100 புள்ளி. கனமான கவசம் அணிந்தால் மேலும் 50. மொத்தம் 150. தலையில் பட்ட ஒரு குண்டு 160 புள்ளியைப் பறிக்கும். ஆட்டம் தீர்ந்தது. உடலில் பட்டால் 40 புள்ளி. எனவே 4 குண்டுகள் வேண்டும். இந்தத் துப்பாக்கி வினாடிக்கு 9.75 குண்டுகள் சுடுகிறது. முதல் குண்டுக்கும் நான்காவதற்கும் இடையே மூன்று இடைவெளிகள். 3-ஐ 9.75-ஆல் வகுத்தால் சுமார் 0.31 வினாடி.

ஒரு காட்சியைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.25 வினாடி பிடிக்கிறது. ஆக, எதிரியைக் கண்டு நீங்கள் விரலை அசைக்குமுன்பே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூலையிலிருந்து பாய்ந்து வருபவர் உங்களை உடனே பார்த்துவிடுகிறார். அவர் வந்த செய்தியோ நிறுவனத்தின் கணிப்பொறிக்குப் போய், அங்கிருந்து உங்கள் திரைக்கு வர வேண்டும். இந்தியாவுக்கான கணிப்பொறி ஒன்று மும்பையில் இருக்கிறது. சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். போக 5 மில்லி வினாடி, வர 5 மில்லி வினாடி. இதைக் குறைக்க எந்த நிறுவனத்தாலும் ஆகாது, இயற்கையின் சட்டம்! வழியில் ஏற்படும் மற்றத் தாமதங்கள் இதற்கு மேல். காத்திருப்பவரைவிடப் பாய்ந்து வருபவருக்கு இதனால் ஒரு சிறு சலுகை கிடைக்கிறது. பாய்வதையே தொழிலாகக் கொண்ட ஜெட்டுக்கு இது தோதுதான்.

பத்துக்கு ஆறு

இப்போது அந்தப் பையனின் 10-க்கு 6-ஐப் பார்ப்போம். ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து 10 முறை சுண்டுங்கள். பூவா, தலையா? நாணயத்துக்குத் திறமை எதுவும் கிடையாது. ஆனாலும் 6 அல்லது அதற்கு மேல் தலை விழும் நிகழ்தகவு 1,024-க்கு 386. அதாவது 100-க்குச் சுமார் 38. ஆகவே 10-க்கு 6 வெற்றி என்பது எதையும் நிரூபிக்கவில்லை. அதையே 100 முறை சுண்டி 60 தலை வந்தால்? வெறும் தற்செயலாக அப்படி நேர்வது 100-க்குச் சுமார் 3 முறைதான். 1,000-த்துக்கு 600 தலை என்றால் நாணயத்தையே சந்தேகிக்க வேண்டும்.

நினைவில் வைக்க எளிய விதி ஒன்று உண்டு. ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதனால் வகுங்கள். அதுதான் தற்செயல் விளையாடும் எல்லை. 100 ஆட்டம் என்றால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 சதவீதம் மேலும் கீழும். எல்லையை 1 சதவீதமாகச் சுருக்க வேண்டுமா? 10,000 ஆட்டம் ஆட வேண்டும். தேர்வு சமயத்தில் இதை முயலாதீர்கள்!

கூட்டினால் தலைகீழ்

சரி, ஆட்டங்கள் ஏராளமாகக் கிடைத்துவிட்டன என்றே வைத்துக் கொள்வோம். அப்போதும் ஆபத்து நீங்கவில்லை. கீழே வருவது கற்பனைக் கணக்கு. பேனாவை எடுத்துச் சரிபாருங்கள்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஜெட்டை வைத்து 20 ஆட்டம் ஆடி 14 வென்றனர்: 70 சதவீதம். ரெய்னாவை வைத்து 80 ஆடி 52 வென்றனர்: 65 சதவீதம். கற்றுக்குட்டிகள் ஜெட்டை வைத்து 80 ஆடி 32 வென்றனர்: 40 சதவீதம். ரெய்னாவை வைத்து 20 ஆடி 7 வென்றனர்: 35 சதவீதம். தேர்ந்தவர் கையிலும் ஜெட்டே மேல். கற்றுக்குட்டி கையிலும் ஜெட்டே மேல். இனி மொத்தத்தைக் கூட்டுங்கள். ஜெட் 100-க்கு 46. ரெய்னா 100-க்கு 59! கூட்டலில் பிழையில்லை. ரெய்னாவைத் தேர்ந்தவர்கள் அதிகம் எடுத்தார்கள் என்பதுதான் சூட்சுமம். புள்ளியியலில் இதற்குச் சிம்ப்சன் முரண்பாடு என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் 1951-ல் இதைப் பற்றி எழுதினார்.

இன்னொரு பொறி. இரண்டு அணியிலும் ஜெட் இருந்தால் ஒரு ஜெட் வெல்ல, ஒரு ஜெட் தோற்றே தீர வேண்டும். 1,000 ஆட்டங்களில் 600 இப்படிப்பட்டவை என்க. மீதி 400-ல் ஜெட் 220 வென்றாள். அதாவது 55 சதவீதம். எல்லாவற்றையும் சேர்த்தால் 1,600 முறை ஜெட் களம் இறங்கி 820 முறை வென்றிருப்பாள்; 51 சதவீதத்துக்குச் சற்று மேல். மிகப் பிரபலமான பாத்திரம் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் அதன் வெற்றி விகிதம் 50-ஐ நோக்கியே இழுபடும்.

பேராசிரியர் ஈலோவின் அளவுகோல்

ஆர்ப்பாட் ஈலோ ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். நல்ல சதுரங்க ஆட்டக்காரர். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் எண் கொடுக்கும் முறையை அவர் வகுத்தார். அமெரிக்கச் சதுரங்கக் கழகம் 1960-லும், உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970-லும் அதை ஏற்றன. இருவரின் எண்களும் சமமானால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் 100-க்கு 76 பங்கு பெறுவார்; 400 என்றால் 91. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் எண் ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும்.

வேலரன்டிலும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் திரைக்குப் பின்னால் ஓர் எண் உண்டு. அதைப் பார்த்துத்தான் சமபலம் உள்ளவர்களை நிறுவனம் மோத விடுகிறது. இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். ரெய்னாவை எடுத்ததால் உங்களுக்கு உண்மையாகவே ஆதாயம் இருந்தால், நீங்கள் வெல்வீர்கள்; எண் ஏறும்; வலிய எதிரிகள் வருவார்கள்; வெற்றி விகிதம் மறுபடி 50-க்கு இறங்கிவிடும்! ஆதாயம் எங்கே போயிற்று? அது உங்கள் தரவரிசைக்குள் போய் ஒளிந்து கொண்டது. எனவே எப்போதும் ஒரே பாத்திரத்தை ஆடுபவரின் வெற்றி விகிதத்தைப் பார்த்து அந்தப் பாத்திரத்தை எடைபோட முடியாது. அணிக்கு உதவும் திறமை ரெய்னாவிடம் குறைவு. ஆகையால் தொழில்முறைப் போட்டிகளில் ஜெட்டையே அதிகம் காண்கிறோம். சாதாரண ஆட்டங்களிலோ ரெய்னாவுக்கு ரசிகர் கூட்டம் ஏராளம். இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை.

நேருக்கு நேர் வென்றவரே சிறந்தவர் என்பதும் எப்போதும் சரியன்று. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் பிராட்லி எஃப்ரான் உருவாக்கிய நான்கு பகடைகளை அட்டையில் செய்து பாருங்கள். முதலாவதன் முகங்களில் 4, 4, 4, 4, 0, 0. இரண்டாவதில் ஆறு முகத்திலும் 3. மூன்றாவதில் 6, 6, 2, 2, 2, 2. நான்காவதில் 5, 5, 5, 1, 1, 1. முதலாவது இரண்டாவதை மூன்றுக்கு இரண்டு முறை வெல்லும். அப்படியே இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது நான்காவதையும் வெல்லும். நான்காவது யாரை வெல்லும் தெரியுமா? முதலாவதை! அதுவும் மூன்றுக்கு இரண்டு முறையே. ‘எது சிறந்த பகடை?’ என்ற கேள்விக்கு இங்கே விடையே இல்லை.

சீட்டுக் குலுக்கல்

அப்படியானால் ஒப்பிட வழியே இல்லையா? உண்டு. யார் எதை எடுப்பது என்பதை ஆடுபவரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். அப்போது தேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்து விடுவார்கள். வயல் சோதனைகளுக்காக இங்கிலாந்தில் ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் வற்புறுத்திய முறை இது.

இந்த முறையால் நடந்த ஒரு பெரிய காரியம் நம் சென்னையைச் சேர்ந்தது. காசநோய் கண்டவர்களைச் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் நல்ல உணவும் கொடுத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஆனால் அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையத்தில், ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக, தற்செயல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மருந்துகள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள்! வீட்டில் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இந்தியாவில் மட்டுமன்றி உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். நோயாளிகளின் விருப்பப்படி விட்டிருந்தால், நோய் முற்றியவர்கள் ஒரு பக்கமாகவே சேர்ந்திருக்கக் கூடும். முடிவு எதையும் சொல்லியிருக்காது.

கணிப்பொறி இல்லாதவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். கேரம் பலகையும் இரண்டு வெவ்வேறு ஸ்டிரைக்கர்களும் போதும். கனமானது, லேசானது என்று இரண்டு சீட்டுகள் எழுதிக் கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் சீட்டு எடுத்து, உங்களுக்கு எது, நண்பருக்கு எது என்று முடிவு செய்யுங்கள். முதலில் அடிப்பவர் யார் என்பதற்கும் தனியாகக் குலுக்குங்கள். எந்த ஸ்டிரைக்கர் வென்றது என்பதை மட்டும் நோட்டில் குறித்து வாருங்கள். மொத்தம் 40 ஆட்டங்கள். கனமான ஸ்டிரைக்கரின் வெற்றிகள் 14 முதல் 26 வரை எந்த எண்ணாக இருந்தாலும் அது தற்செயலின் எல்லைக்குள்தான். 27 வந்தால் இன்னும் 40 ஆடிப் பாருங்கள்.