விளையாட்டு செய்வதும் ஒரு தொழிலா?



சென்னை மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டியில் ஒரு மாலைப் பொழுதில் ஏறி அமர்ந்து பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு என்று நிலையங்கள் நகர நகர, பெட்டியிலிருக்கும் இளைஞர்களில் பலர் தலை நிமிராமல் இருப்பதைக் காண்பீர்கள். ஒருவர் செல்பேசியில் பழம் வெட்டிக் கொண்டிருப்பார். இன்னொருவர் மிட்டாய்களை வரிசைப்படுத்துவார். மற்றொருவர் துப்பாக்கியோடு யாரையோ துரத்துவார்.

சென்ற மாதம் அந்த வண்டியில் மீஞ்சூரைச் சேர்ந்த சகோதரி ஒருவர் என் எதிரில் அமர்ந்திருந்தார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். கணவர் வளைகுடாவில் இருக்கிறார்; மகன் பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு. இரவு நெடுநேரம் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் மகன் விளையாடிப் பொழுதைக் கழிக்கிறான் என்றே அவர் எண்ணியிருந்தாராம். ஒருநாள் அருகில் போய்ப் பார்த்தபோதுதான், அவன் விளையாடவில்லை, விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான் என்பது தெரிந்திருக்கிறது. இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டு மாடி அறையிலேயே இதைத் தொழிலாகத் தொடங்கப் போவதாகச் சொல்கிறானாம். தகப்பனாரோ, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பயிற்சியாளனாகச் சேரச் சொல்லித் தொலைபேசியில் கடிந்துகொள்கிறார்.

"இது ஹலாலான பிழைப்புத்தானா அண்ணே? சோறு போடுமா?" என்று அந்தச் சகோதரி கேட்டார்.

நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மீஞ்சூர் வந்துவிட்டது. பொன்னேரி வரை போகவேண்டிய நான் வண்டியிலேயே இருந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி உங்களில் பலருடைய இல்லங்களிலும் எழுந்திருக்கக் கூடும்.

முதலில் இத்தொழில் இன்னதென்று அறிந்துகொள்வோம். நூற்றுக்கணக்கானோர் வேலை பார்க்கும் பெருநிறுவனங்களை விட்டுவிடுங்கள். உலகெங்கும் இருவர், மூவர், மிஞ்சினால் பத்துப்பேர் கொண்ட சிறு கலைக்கூடங்கள் இருக்கின்றன. ஒருவர் படம் வரைகிறார், ஒருவர் கணிப்பொறிக்குரிய கட்டளைகளை எழுதுகிறார், ஒருவர் இசையமைக்கிறார். இணையப் பக்கத்தைத் திறந்தவுடன் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு மூடிவிடக் கூடிய எளிய விளையாட்டுகளையும், தொட்டால் அசைந்து, இழுத்தால் உருமாறிப் பார்ப்பவரோடு உறவாடும் படங்களையும் இவர்கள் செய்கிறார்கள்.

பார்ப்பவரோடு உறவாடும் கலை நமக்குப் புதிதன்று. தியார்பக்கிரில் அர்துக் மரபு அரசர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரி, 1206ஆம் ஆண்டு நிறைவு செய்த தம் பொறியியல் நூலில் கைகழுவும் மயில் ஒன்றை விவரிக்கிறார். வாலிலுள்ள அடைப்பை இழுத்தால் மயிலின் அலகிலிருந்து நீர் கொட்டும். கீழேயுள்ள தொட்டியில் நீர் உயர உயர உள்ளே மிதவை ஒன்று மேலெழும். உடனே ஒரு கதவு திறந்து, பணியாள் உருவம் ஒன்று சவர்க்காரத்தை நீட்டும். நீர் இன்னும் உயர்ந்தால் இரண்டாவது உருவம் துண்டோடு வரும். கைகழுவ வந்தவர் செய்யும் செயலுக்கு ஏற்பக் காட்சி விரிகிறது. இன்று திரைமீது செய்கிறவர்களும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள், மிதவைக்குப் பதிலாக மின்சாரத்தைக் கொண்டு.

இனி ஹலால், ஹராம் பற்றிய கேள்விக்கு வருவோம். விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை பார்ப்பதற்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் நின்று மறைப்புக் கொடுத்த செய்தி புகாரியில் இருப்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். விளையாட்டின் பெயரால் நுழையும் சூது வேறு. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆவது வசனம் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்து விலக்கியிருக்கிறது. இணையத்தில் சீட்டாடிக் கடன்பட்டு உயிரை மாய்த்துக் கொண்டவர்களின் செய்திகளைத் தமிழகம் தொடர்ந்து படித்தது. 2022இல் தமிழக அரசு இதற்கெனச் சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆகவே பந்தயப் பணம் புழங்கும் விளையாட்டைச் செய்து கொடுக்கும் வேலை அந்தப் பையனைத் தேடி வந்தால், மார்க்கத்தின் பார்வையிலும் சட்டத்தின் பார்வையிலும் வாசற்படியிலேயே திருப்பி அனுப்பத் தக்கது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பணம் கொடுத்து வாங்கும் 'பரிசுப் பெட்டி'களைச் சிறுவர் விளையாட்டுகளில் வைப்பதும் இதற்குப் பங்காளிதான். பெல்ஜியம் 2018இலேயே அத்தகைய சில பெட்டிகளைச் சூது என்று அறிவித்தது.

பணமே புழங்காத விளையாட்டும் பொழுதைத் திருடக் கூடும். வியட்நாமில் ஹனோய் நகரில் வாழும் டாங் நுயென் என்ற இளைஞரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். குழாய்களுக்கிடையே ஒரு குருவியைப் பறக்கவிடும் 'ஃப்ளாப்பி பேர்ட்' என்ற சிறு விளையாட்டை அவர் தனியொருவராகச் சில நாட்களில் செய்து, 2013 மே மாதம் வெளியிட்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் உலகமே அதை ஆடியது. விளம்பரங்கள் வழியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 டாலர் வருவதாக அவரே பேட்டியொன்றில் கூறியதாகச் செய்தி வெளியாயிற்று. 2014 பிப்ரவரியில் அதை அவர் திடீரென்று விலக்கிக்கொண்டார். சில நிமிட இளைப்பாறுதலுக்காகச் செய்த பொருள் மனிதரை அடிமைப்படுத்தும் பொருளாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். கைக்கு வந்துகொண்டிருந்த செல்வத்தை மனச்சாட்சிக்கு அஞ்சி விட்டுக்கொடுத்தவர் அவர். நம் வீட்டுப் பிள்ளைகள் அவருடைய குருவியைவிட அந்த முடிவை அறிந்திருந்தால் நன்று.

உருவம் வரைவது பற்றியும் சிலருக்கு ஐயம் எழும். உயிருள்ளவற்றின் படங்கள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் ஓர் உயிரினத்தைக் கூட வரையாமல் அரிய விளையாட்டு செய்ய முடியும் என்பதை ஈரானைச் சேர்ந்த மஹ்தி பஹ்ராமி காட்டியிருக்கிறார். உருளும் பந்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் அது வரையும் கோடு எப்படியிருக்கும் என்று பள்ளியில் கணித ஆசிரியர் கேட்ட கேள்வி அவர் மனத்தில் தங்கிவிட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் 2017இல் வெளிவந்த 'எங்காரே'. சுழலும் வடிவங்களில் ஆடுபவர் ஒரு புள்ளியைப் பொருத்துகிறார். அது நகர்ந்து நகர்ந்து, பள்ளிவாசல் சுவர்களிலும் குவிமாடங்களிலும் நாம் கண்டு வியக்கும் கொடி வளைவாகவும் நட்சத்திரப் பின்னலாகவும் விரிகிறது. அதற்கு முன்பே விரிப்புகளை வைத்து 'ஃபர்ஷ்' என்ற ஒன்றையும் அவர் செய்திருந்தார்.

இதைப் படித்தபோது எனக்குப் பழவேற்காட்டின் நினைவு வந்தது. மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் போனால் தொலைவில்லை. அங்கே நம் பெண்கள் சாயமேற்றிய பனையோலையை ஊடும் பாவுமாகக் கட்டம் கட்டமாக முடைந்து பெட்டி செய்கிறார்கள். எந்த ஓலை மேலே, எந்த ஓலை கீழே என்ற கணக்கை விரல்களிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஒரு விளையாட்டாகாதா? பஹ்ராமி கம்பளத்தைப் பார்த்த கண்ணால் நம் பிள்ளை ஒருவன் ஓலைப்பெட்டியைப் பார்த்தால் போதும்.

சோறு போடுமா என்ற இரண்டாவது கேள்வியே கடினமானது. இத்துறையில் வென்றவர்களின் கதை மட்டுமே நம் காதுக்கு எட்டுகிறது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் ஜாஷ் வார்டல் என்பவர், சொல் விளையாட்டில் பிரியமுள்ள தம் வாழ்க்கைத் துணைக்காக 'வேர்டில்' என்ற எளிய ஆட்டத்தைச் செய்தார். நாளைக்கு ஒரே ஒரு சொல், ஐந்தெழுத்து, ஆறு முயற்சிகள். ஆங்கிலத்தின் ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து, பலருக்கும் தெரிந்த 2,500 அளவிலான சொற்களைப் பிரித்தெடுத்துக் கொடுத்தவர் அந்தத் துணையே. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. 2021 நவம்பர் முதல் நாளில் 90 பேர் ஆடினார்கள். 2022 ஜனவரி 2ஆம் நாள் 3 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். அம்மாத இறுதியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அதை ஏழு இலக்க டாலர் தொகை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆனால் இப்படியொரு கதைக்குப் பின்னால், எவரும் திறந்து பாராத விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. வார்டலேகூட வேறு வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்தவர். எனவே தகப்பனாரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பையன் படிப்பை முடிக்கட்டும். தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தால் சேரட்டும். மாடி அறையை மட்டும் பூட்டிவிட வேண்டாம்.

அந்த அறையில் எதைச் செய்வது என்று அவன் கேட்டால், கனடாவிலுள்ள ஒரு சிறு தமிழ்க் கலைக்கூடத்தைக் காட்டுவேன். டொராண்டோவில் இயங்கும் அதன் பெயர் 'விசை'. அபி என்ற தமிழ் இளைஞர் முன்னின்று வடிவமைக்க, சிறு குழுவொன்று பல ஆண்டுகள் உழைத்து, 2023 ஜூலை 31ஆம் நாள் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண்ணின் கதை அது. அவள் பெயர் வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின்.

இதில் துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை. ஆடுபவர் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். தாய் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விடுபட்டதை நாமே யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல்தட்டு வரை ஏறும்? புட்டுக்கு எது முன்னே, எது பின்னே? பிரியாணிக்கு அடுக்கு எப்படி? தவறினால் தண்டனையில்லை, மறுபடியும் செய்து பார்க்கலாம். இடையிடையே, தாய்மொழியில் பேசத் தயங்கும் மகனும் அவனிடம் தமிழில் பேசக் காத்திருக்கும் தாயும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் விளையாட்டு அது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் இல்லாத தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது. அந்த அடுப்பங்கரையில் நிற்பது நம் வீட்டுப் பெண்தான் என்று உங்களுக்கும் தோன்றும். 2024இல் சுதந்திர விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அறிமுகப் படைப்புக்கு வழங்கும் விருதும் அதற்குக் கிடைத்தன. இட்லி என்றால் என்னவென்று அறியாத நாட்டாரும் அந்தத் தட்டுகளை அடுக்கிப் பார்த்தார்கள்.

தமிழில் சொல் விளையாட்டு செய்ய விரும்புகிறவனுக்கு ஓர் எச்சரிக்கை. 'அம்மா' என்பதில் நமக்கு மூன்று எழுத்து. கணிப்பொறியின் ஒருங்குறிக் கணக்கிலோ அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து! உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணும் கட்டளையைத் தமிழ் அறிந்தவனே எழுதிச் சேர்க்க வேண்டும். வேர்டிலை அப்படியே பெயர்த்துவந்தால் ஆட்டம் முதல் கட்டத்திலேயே நொண்டும். நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதியபோது, அரபியில் இல்லாத ஒலிகளுக்குக் குறிகள் சேர்த்துப் புது எழுத்துகளை உண்டாக்கிக் கொண்டார்கள். அந்த அரபுத்தமிழ் எழுத்துகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் ஒரு சிறு விளையாட்டை யாரேனும் செய்தால், அதை முதலில் ஆடிப் பார்க்க நான் காத்திருக்கிறேன்.

கருவிகளுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 'கோடோ' போன்ற விளையாட்டு செய்யும் மென்பொருளும் 'க்ரிட்டா' போன்ற ஓவிய மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு தனி நிறுவனத்தின் கருவியை மட்டும் நம்பியிருந்தால் என்ன நேரும் என்பதற்கு 'ஃப்ளாஷ்' சாட்சி. இருபது ஆண்டுகளுக்கு மேல் இணைய விளையாட்டுகளைச் சுமந்த அந்தக் கருவிக்கு 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஆதரவு நிறுத்தப்பட்டது. எண்ணற்ற சிறு விளையாட்டுகள் திறக்க முடியாதவை ஆயின. தன்னார்வலர்கள் முயன்று காப்பாற்றியவை மட்டும் எஞ்சின.

அந்தச் சகோதரியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வண்டி நந்தியம்பாக்கம் தாண்டியபோது, மகன் செய்ததைத் தம் செல்பேசியில் எனக்குக் காட்டினார். பல்லாங்குழி! பதினான்கு குழிகள், சோழிகள், மரப்பலகையின் நிறம். தொட்டால் சோழி விழும் ஓசைகூடக் கேட்டது. முதலில் ஆடிப் பார்த்தவர் அவனுடைய பாட்டியாராம். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, "காசி எடுக்கிற கணக்குத் தப்பாக இருக்கிறதே, யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்று பேரனைக் கடிந்துகொண்டாராம். அன்றிரவு பையன் பாட்டியின் அருகில் அமர்ந்து, மெய்யான பலகையை வைத்து, ஆட்டத்தை முதலிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறான். திருத்திய பல்லாங்குழி இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.