குப்பமும் திருமலையும்: இரு ஆட்சிகளுக்கும் ஒரே எல்லைக்கோடு

புது தில்லி: ஆட்சியாளரின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது, அந்த எல்லை மீறப்படும்போது தடுத்து நிறுத்தவும் ஓர் அமைப்பு வேண்டும். நமது அரசியல் சட்டம் அந்தப் பொறுப்பை நீதிபதிகளிடம் ஒப்படைத்திருக்கிறது. அது எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்பதை அறிய, தமிழக எல்லையையொட்டிய சித்தூர், திருப்பதி மாவட்டங்களோடு தொடர்புடைய இரு வழக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். இரண்டிலும் பேசப்பட்ட பெயர் சந்திரபாபு நாயுடு. முதல் வழக்கின்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர்; இரண்டாவது வழக்கின்போது முதல்வர்.

அரசாணை எண் 1

2022 டிசம்பர் 28-ம் தேதி நெல்லூர் மாவட்டம் கந்துகூரில் தெலுங்கு தேசம் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 8 பேர் இறந்தனர். 2023 ஜனவரி 1-ம் தேதி, நாயுடு பங்கேற்ற குண்டூர் நிகழ்ச்சியில் மேலும் 3 பேர் இறந்தனர். மறுநாளே ஜெகன்மோகன் ரெட்டி அரசு அரசாணை எண் 1-ஐப் பிறப்பித்தது. அரிதான சூழ்நிலைகளைத் தவிர, சாலைகளில் பொதுக்கூட்டங்களுக்கு அனுமதி கிடையாது என்றது அது. 1861-ம் ஆண்டின் காவல் சட்டம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

ஜனவரி 4-ம் தேதி, 1989 முதல் தம்மைத் தேர்ந்தெடுத்துவரும் சித்தூர் மாவட்டம் குப்பம் தொகுதிக்குச் சென்ற நாயுடுவை, இந்த ஆணையைக் காட்டிக் காவல் துறை தடுத்தது. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலர் கே. ராமகிருஷ்ணா உயர் நீதிமன்றத்தை அணுகினார். ஜனவரி 12-ம் தேதி விடுமுறைக்கால அமர்வு ஆணையை நிறுத்திவைத்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. தலையிட மறுத்த உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்று திருப்பி அனுப்பியது.

தலைமை நீதிபதி பிரசாந்த் குமார் மிஸ்ரா, நீதிபதி டி.வி.எஸ்.எஸ். சோமயாஜுலு ஆகியோர் அடங்கிய அமர்வு, மே 12-ம் தேதி அரசாணையை ரத்து செய்தது. கூட்டங்களை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. ஒழுங்குபடுத்துகிறோம் என்ற பெயரில் தடுத்துவிட அதிகாரம் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு அளிக்கிறது. பொதுவீதிகளில் கூட்டங்களை முற்றிலும் தடுக்க இயலாது என்று அகமதாபாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-லேயே கூறியிருந்தது.

லட்டு விவகாரம்

2024 ஜூனில் ஆட்சி மாறியது. செப்டம்பர் 18-ம் தேதி முதல்வர் நாயுடு, முந்தைய ஆட்சியில் திருமலை லட்டுப் பிரசாதத்தில் விலங்குக் கொழுப்பு கலந்த நெய் பயன்படுத்தப்பட்டதாகப் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். வழக்குப் பதிவானதும், மாநில அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்ததும் அதற்குப் பிறகுதான்.

செப்டம்பர் 30-ம் தேதி, நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு இந்த வரிசையைத்தான் கேள்விக்குள்ளாக்கியது. விசாரணை முடியும் முன்பே, அரசியல் சட்டப் பதவி வகிக்கும் ஒருவர் முடிவைப் பத்திரிகைகளுக்கு அறிவித்தது ஏன் என்று கேட்டது. கடவுளை அரசியலுக்கு வெளியே வையுங்கள் என்றும் அறிவுறுத்தியது. அக்டோபர் 4-ம் தேதி, சி.பி.ஐ. அதிகாரிகள் இருவர், மாநிலக் காவல் துறையினர் இருவர், உணவுப் பாதுகாப்பு ஆணைய அதிகாரி ஒருவர் என ஐவர் குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது. சி.பி.ஐ. இயக்குநரின் மேற்பார்வையில் இயங்கிய அக்குழு, 2025 பிப்ரவரியில் நெய் விநியோகத்துடன் தொடர்புடைய நால்வரைக் கைது செய்தது.

குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதற்குள் உச்ச நீதிமன்றம் அன்று போகவில்லை. மாநில அதிகாரிகளின் நேர்மையையும் அது சந்தேகிக்கவில்லை. குற்றம்சாட்டும் அரசே அதை விசாரிக்கும் அமைப்பையும் கையில் வைத்திருந்தால் பக்தர்களுக்கு நம்பிக்கை வராது என்பதே அதன் கவலை.

பழைய சென்னையின் பாடம்

சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்துடன் இருந்த காலத்திலேயே இந்த எல்லை வகுக்கப்பட்டுவிட்டது. மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று சென்னை அரசு அறிவித்ததை எதிர்த்து வழக்கறிஞர் வி.ஜி. ராவ் தொடர்ந்த வழக்கில், 1952 மார்ச் 31-ம் தேதி தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. உரிமையின் தன்மை என்ன, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரிது, கட்டுப்பாடு அதற்கு மிஞ்சியதா என்ற அளவுகோல்கள் அதில்தான் தெளிவாயின. அடிப்படை உரிமைகளுக்கு நீதிமன்றம் காவலாளி என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது.

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் ஆணையை, தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் ரத்து செய்யலாமா என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் அடிக்கடி எழுகிறது. நெரிசல் ஆபத்தும் கற்பனையன்று. 2025 ஜனவரி 8-ம் தேதி திருப்பதியில் தரிசன டோக்கன் வாங்க வந்த 6 பேர் நெரிசலில் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 27-ம் தேதி கரூர் பிரசாரக் கூட்டத்தில் 41 பேர் உயிரிழந்தனர். கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் தமிழகத்திலும் வலுப்பெற்றது நியாயமே. ஆனால், உயிரைக் காக்கும் விதிக்கும் எதிர்க்கட்சியை வீட்டுக்குள் முடக்கும் விதிக்கும் உள்ள வேறுபாட்டை ஆளுங்கட்சியே தீர்மானிக்க விட முடியாது.

நீதிமன்றத்துக்கும் குறைகள் உண்டு. யாராவது மனு செய்தால்தான் பெரும்பாலும் அதன் கதவு திறக்கிறது. இடைக்காலத் தடை பத்தே நாளில் கிடைத்தபோதிலும், குப்பத்தின் இறுதித் தீர்ப்புக்கு நான்கு மாதங்களுக்கு மேல் ஆயின. இத்தனைக்கும் பிறகு அதன் பயன் யாருக்கு?

2025 ஜூலை 9-ம் தேதி, மாம்பழ விவசாயிகளைச் சந்திக்கச் சித்தூர் மாவட்டம் பங்காருபாளையம் வந்தார் ஜெகன்மோகன் ரெட்டி. 500 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று நாயுடு அரசின் காவல் துறை நிபந்தனை விதித்தது. எண்ணிக்கைக் கட்டுப்பாடு அடக்குமுறை என்று அவரது கட்சி கொந்தளித்தது. அரசாணை எண் 1-ஐ ரத்து செய்த தீர்ப்பின்போது அதே கட்சிதான் ஆட்சியில் இருந்தது. அன்று அது எதிர்த்து வாதாடிய கூடும் உரிமைதான், இன்று எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருக்கும் அக்கட்சிக்கு இருக்கும் முதல் பாதுகாப்பு.