சீட்டு எழுதிக் கொடுத்தவர் என்ன ஆனார்?

வந்தவரை மறக்காமல் இருக்க தேவாலயங்களில் கம்ப்யூட்டர்

ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்தவனுக்கு வாரத்தில் ஆறு நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஏழாவது நாள்தான் நகராது. அறையைப் பூட்டிக்கொண்டு எங்கே போவது, யாரிடம் நாலு வார்த்தை பேசுவது என்று தெரியாது. கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, சங்கமோ, அவன் முதலில் தேடிப் போவது அங்கேதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வேலைக்காக ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோவது அங்கே சர்வசாதாரணம். புது ஊரில் ஒருவரையும் தெரியாதவர்கள் பலர், ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தேவாலயத்தில் போய் உட்காருகிறார்கள்.

அங்கே பல தேவாலயங்களில் புதிதாக வருபவர்களுக்கென்று சிறிய அட்டை ஒன்று வைத்திருப்பார்கள். பெயர், டெலிபோன் நம்பர், என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் ஞானஸ்நானம் பெற விரும்புவார். ஒருவர் வீட்டு ஜெபக் குழுவில் சேர விரும்புவார். இன்னொருவர், ஆஸ்பத்திரியில் கிடக்கும் தாயாரை வந்து பார்க்கும்படி கேட்பார். இப்போது செல்போனிலேயே எழுதி அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. இதற்குத் 'தொடர்பு வேண்டுகோள்' என்று பெயர்.

எழுதிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு?

டிராயரில் தூங்கும் அட்டை

அட்டை போதகரின் சட்டைப் பைக்குப் போகும். அங்கிருந்து மேஜை டிராயருக்குப் போகும். போதகர், செயலாளர் கூப்பிடுவார் என்று நினைப்பார். செயலாளர், குழுத் தலைவர் கூப்பிடுவார் என்று நினைப்பார். குழுத் தலைவருக்கோ விஷயமே தெரியாது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் எழுதிக் கொடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பார். ஒரு வாரம் பார்ப்பார், இரண்டு வாரம் பார்ப்பார். மூன்றாவது வாரம் அவர் வரமாட்டார். அவர் வராததும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவரை இன்னும் யாருக்குமே தெரியாது!

இந்தக் குறையைப் போக்கத்தான் சபை நிர்வாகத்துக்கென்றே கம்ப்யூட்டர் சாப்ட்வேர்கள் வந்திருக்கின்றன. 'பிளானிங் சென்டர்', 'ராக்' ஆகியவை அங்கே பெயர் பெற்றவை.

எப்படி வேலை செய்கிறது?

'ராக்' சாப்ட்வேரை எடுத்துக்கொள்வோம். வேண்டுகோள் வந்ததும் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அது எந்த வகை, எந்தக் கிளைச் சபையைச் சேர்ந்தது என்பது பதிவாகும். பிறகு அது ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரில் ஒப்படைக்கப்படும். இவரே 'தொடர்பாளர்'. குழுவுக்குப் பொதுவாக அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. இன்னாருடைய பொறுப்பு என்று பெயர் நிற்கும்.

தொடர்பாளர் போன் செய்தால் அதையும் தேதியோடு குறிக்க வேண்டும். 'பேசினேன்', 'எடுக்கவில்லை', 'நேரில் சந்தித்தேன்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். நாளைக்கு அவர் ஊரில் இல்லாவிட்டாலும் அடுத்தவர் அந்த இடத்திலிருந்து தொடரலாம்.

வேண்டுகோளுக்கு நான்கு நிலைகள் உண்டு. நடப்பில் உள்ளது, பின்னொரு நாள் கவனிக்க வேண்டியது, கைவிடப்பட்டது, தொடர்பு முடிந்தது. 'பிரசவம் முடிந்து மூன்று மாதம் கழித்து வருகிறேன்' என்று ஒரு பெண் சொன்னால் அந்தத் தேதியைப் போட்டு வைக்கலாம். நாள் வந்ததும் வேண்டுகோள் தானாகவே நடப்புக்குத் திரும்பிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தூங்கும் வேண்டுகோளைக் காட்டிக் கொடுப்பது. எத்தனை நாள் அசைவில்லாமல் கிடந்தால் 'தூக்கம்' என்பதைச் சபையே முடிவு செய்யலாம். 14 நாள் என்று வைத்தால், 14 நாள் யாரும் தொடாத வேண்டுகோள் தனியாகத் தெரியும். பொறுப்பாளர் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

'பிளானிங் சென்டர்' சாப்ட்வேரில் இதே வேலை படிப்படியாக நடக்கும். முதல் படி போன், அடுத்த படி சந்திப்பு, அதற்கடுத்தது குழுவில் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆள், ஒரு கெடு.

பெர்த் கூடவில்லை!

ரெயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1985-ல் புதுதில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு சோதனை முறையில் தொடங்குவதற்கு முன்பு எல்லாம் ரிஜிஸ்டர்தான். இந்த ரெயிலுக்கு இந்த கவுண்ட்டர் என்று தேடிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்தபின் ஒரே கவுண்ட்டரில் எந்த ரெயிலுக்கும் இடம் பார்க்க முடிந்தது. பயணிகளுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் கம்ப்யூட்டர் வந்ததால் மட்டும் ஒரு பெர்த்கூடக் கூடவில்லை. பெர்த் வேண்டுமானால் பெட்டி சேர்க்க வேண்டும்.

சபைக்கும் அதே கணக்குதான். யாரைக் கூப்பிட வேண்டும் என்று சாப்ட்வேர் சொல்லும். கூப்பிடுவதற்கு மனிதன் வேண்டும். ஒரே தொடர்பாளர் தலையில் 60 பெயர்களைக் கட்டினால் அவர் என்ன செய்வார்? ஆபீசில் பைல் பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதக் கடைசியில் 'முடிந்தது', 'முடிந்தது' என்று தட்டிவிடுவார். திரையில் பாக்கி ஒன்றும் இருக்காது. போனுக்காகக் காத்திருந்தவர் காத்திருந்தபடியே இருப்பார்.

ஆகவே 'முடிந்தது' என்பதற்கு என்ன பொருள் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். போன் அடித்தால் முடிந்ததா? அல்லது அவர் குழுவுக்கு வந்து உட்கார்ந்தால் முடிந்ததா? இரண்டாவதுதான் உண்மையான கணக்கு. சந்தேகம் இருந்தால் பத்துப் பெயருக்கு ஒரு பெயரை எடுத்து, பொறுப்பாளரே போன் செய்து விசாரிக்கலாம்.

ரகசியம் காக்க வேண்டும்

அட்டையில் எழுதுகிறவர் சில நேரம் மனதைத் திறந்து எழுதிவிடுவார். குடியை விட உதவி வேண்டும் என்று ஒருவர் எழுதலாம். கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் எழுதலாம். பாட்டுக் குழுவுக்கு ஆள் சேர்ப்பவர் இதையெல்லாம் படிக்க வேண்டிய அவசியமில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டுப் போடும் வசதி இந்தச் சாப்ட்வேர்களில் உண்டு. அந்தப் பூட்டைப் போடுவது சபையின் கடமை. நம் நாட்டிலும் தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023-ல் சட்டம் நிறைவேறியிருக்கிறது.

நமக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வெளிமாநிலத்தில் சபை, சங்கம், மன்றம் நடத்தும் நம்மவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வேலை தேடி வந்த பையன் சங்கத்தில் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுக்கிறான். வாடகைக்கு அறை கேட்கிறான், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்கிறான். 'சொல்லி அனுப்புகிறோம்' என்கிறோம். பிறகு?

இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். 100 பக்க நோட்டில் ஐந்து கோடு போட்டால் போதும்: வந்த தேதி, பெயரும் நம்பரும், கேட்டது என்ன, பொறுப்பு யார், அடுத்துப் பேச வேண்டிய நாள். நான்காவது கட்டத்தில் 'கமிட்டி' என்று எழுதக் கூடாது. ஓர் ஆளின் பெயரை எழுத வேண்டும்.

மாதக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கும் முன்பு இந்த நோட்டைப் படிக்கட்டும். யாருக்கு இன்னும் பதில் போகவில்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கூட்டம் கலைவதற்குள் அங்கிருந்தே அவர்களுக்குப் போன் போட்டுவிடலாம்.