வெடிக்காத வெடியும் தீக்குச்சி மருந்தும்

போன தீபாவளிக்கு மறுநாள் காலை துணி காயப் போட மொட்டை மாடிக்குப் போனேன். பையனும் எதிர் வீட்டுப் பையனும் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் பொறுக்கி வந்த வெடிக்காத லட்சுமி வெடி, பாதியில் அணைந்த புஸ்வாணம், திரி மட்டும் எரிந்த அணுகுண்டு எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தைத் தனித்தனிக் குவியலாகக் கொட்டியிருந்தார்கள். அதுவரை எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஏழாம் வகுப்பில் நானும் செய்ததுதான்.

அப்புறம்தான் அந்தப் பாட்டில் மூடியைப் பார்த்தேன். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ தூள்.

"தீக்குச்சி மருந்துப்பா. சுரண்டி எடுத்தோம். எல்லாத்தையும் சேத்து ஒரே வெடியா பண்ணப் போறோம்."

இதையெல்லாம் எங்கே கத்துக்கிட்டே என்று கேட்டேன். "நீங்கதானே சொன்னீங்க, கைத் தழும்பு கதைல" என்றான்.

உண்மைதான். என் இடது கையில் இருக்கும் தழும்பு புஸ்வாண மருந்தைக் கொட்டிப் பற்ற வைத்ததில் வந்தது. அதை வீட்டில் ஒரு வீரக் கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன். அந்தக் கதையில் சொல்லாமல் விட்ட பாதிதான் இந்தப் பதிவு. நான் வேதியியல்காரன் இல்லை, மென்பொருள் வேலை. ஆனால் அன்றைக்கு ஆரம்பித்து ஒரு மாதம் இதைப் பற்றியே படித்துக் கொண்டிருந்தேன்.

மூடினால் அணையாத நெருப்பு

விறகு எரியக் காற்றிலிருந்து ஆக்சிஜன் வேண்டும். அதனால் ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் அணைகிறது. பட்டாசு மருந்து அப்படியில்லை. எரிகிற பொருளும் (கரி, கந்தகம், அலுமினியத் தூள்) ஆக்சிஜன் கொடுக்கிற பொருளும் (வெடியுப்பு போன்றவை) ஏற்கெனவே ஒன்றாகக் கலந்தே இருக்கின்றன. வெளிக்காற்று தேவையே இல்லை. மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளே எரிந்து கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று. நான் சின்ன வயதில் பற்ற வைத்த மருந்து 'புஸ்' என்று எரிந்து அடங்கியது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம்: 'காகிதச் சுற்று இல்லாவிட்டால் மருந்து வெடிக்காது.' இது தப்புப் பாடம். கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த கரிமருந்துக்கு இது ஓரளவு பொருந்தும். அலுமினியத் தூள் சேர்ந்த சத்தவெடி மருந்து வேறு ஜாதி. போதுமான அளவு சேர்ந்துவிட்டால் திறந்த குவியலாக இருந்தாலே வெடிக்கும். பார்த்தால் இரண்டும் சாம்பல் நிறத் தூள்தான். கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது.

ஜோடிதான் ஆபத்து

ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்த்தால் இதில் பாதி புரியாது. கந்தகம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். தீப்பெட்டி எல்லா வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கும். எங்கள் தொழிலில் சொல்வோமே, தனித்தனியாக ஒழுங்காக ஓடும் இரண்டு நிரல்கள் ஒரே கணினியில் சேர்ந்தால் இயந்திரமே படுத்துவிடும் என்று. அதே கதைதான்.

இதில் பேர் போன ஜோடி குளோரேட்டும் கந்தகமும். பொட்டாசியம் குளோரேட்டை 1780-களில் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலே. பழைய வெடிமருந்தில் வெடியுப்புக்குப் பதில் இதைப் போட்டால் வீரியம் கூடுமே என்று 1788 அக்டோபரில் எசோன் என்ற ஊரின் வெடிமருந்து ஆலையில் சோதித்துப் பார்த்தார்கள். நவீன வேதியியலின் தந்தை என்று நாம் படிக்கும் லவாய்சியர், அவர் மனைவி, பெர்த்தொலே எல்லாரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் தள்ளிப் போன நேரத்தில் கலவை வெடித்தது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் இறந்து போனார்கள். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வேதியியலாளர்கள், நூற்றாண்டுகளாகப் பழகிய கலவை, மாற்றியது ஒரே ஒரு பொருள். அவ்வளவுதான்.

காரணம் என்ன? கந்தகம் காற்றிலும் ஈரத்திலும் கிடக்கக் கிடக்க அதில் லேசாக அமிலம் சேரும். அந்த அமிலம் குளோரேட்டைத் தொட்டால் நிலையில்லாத பொருள்கள் உண்டாகும். தேய்த்தால் வெடிக்கும், தட்டினால் வெடிக்கும், சில சமயம் யாரும் தொடாமலே பற்றிக் கொள்ளும். பிரிட்டனில் இந்த ஜோடியைப் பட்டாசில் சேர்க்க 1894-ல் தடை வந்தது. இந்தியாவில் 1992-ல் மத்திய அரசு தடை செய்தது, தீக்குச்சி முனை போன்ற சில விதிவிலக்குகளோடு.

இப்போது மொட்டை மாடிக்கு வாருங்கள். தீக்குச்சி முனையில் இருப்பது குளோரேட். புஸ்வாண மருந்தில் இருப்பது கந்தகம். பசங்கள் சேர்க்கப் போன ஜோடி அதேதான். கலப்பதற்கு முன்னால் நான் துணி காயப் போட வந்தது தற்செயல்.

தீப்பெட்டியே இதற்கு நல்ல பாடம். குச்சியில் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டையும் சேரவிடாமல் தனித்தனியே வைத்ததால்தான் அதற்குப் பாதுகாப்புத் தீப்பெட்டி என்று பெயர். குச்சியில் பசையும் சேர்த்து இறுக்கி வைத்திருப்பதைச் சுரண்டித் தூளாக்கும்போது அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துச் சுரண்டி விடுகிறோம்.

உராய்வு

சிவகாசிப் பக்கம் விபத்து நடந்தால் செய்தியில் தவறாமல் ஒரு வரி வரும்: 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக.' 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும், அதற்குப் பிறகு நடந்த எத்தனையோ விபத்துகளிலும் இந்தச் சொல்லைப் படித்திருக்கிறேன். ஏதோ பெரிய இயந்திரம் உரசியது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவ்வளவு தேவையில்லை. தூளுக்குள் ஒரு மணல் துகள் கிடந்து, மேலே அழுத்தித் தேய்த்தால் போதும். பாலியஸ்டர் சட்டையில் சேரும் நிலைமின்சாரப் பொறியும் சில கலவைகளுக்குப் போதும். அதனால்தான் இந்தத் தொழிலில் பருத்தி உடை, பொறி பறக்காத கருவி, ஒரு நேரத்தில் கொஞ்சமாகத்தான் கலப்பது என்று இத்தனை கட்டுப்பாடு. மாடியில் மணல் ஒட்டிய வெடியைக் கத்தரிக்கோலால் பிரிக்கும் பையனிடம் இதில் எதுவும் கிடையாது.

ஈரம் வேறு, வெள்ளம் வேறு

நமத்துப் போன வெடி ஆபத்தில்லை என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் கொஞ்சம் ஈரம் பட்டால் மெதுவாக வினை நடக்க ஆரம்பிக்கும். சூடு கிளம்பும், அம்மோனியா நாற்றம்கூட வரலாம். வெளியே போக வழியில்லாமல் சூடு குவியலுக்குள் சேர்ந்தால் பல மணி நேரம் கழித்துத் தானாகப் பற்றும். ஆனால் ஒரு வாளித் தண்ணீரில் முழுசாக மூழ்கடித்தால் உண்டாகும் சூட்டைத் தண்ணீரே வாங்கிக் கொள்ளும். ஆக, தண்ணீர் தெளிப்பது ஆபத்து, மூழ்கடிப்பது பாதுகாப்பு.

அப்போ என்ன செய்வது?

வெடிக்காத வெடிக்குப் பக்கத்தில் குறைந்தது இருபது நிமிடம் போகாதீர்கள். குனிந்து பார்க்கவோ மறுபடி திரி கொளுத்தவோ வேண்டாம். பிறகு தள்ளி நின்று தண்ணீர் ஊற்றி, எடுத்து வீட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் வாளியில் ராத்திரி முழுக்க மூழ்க வையுங்கள். ஈரத்தோடேயே பையில் கட்டிக் குப்பையில் போடலாம்.

காலையில் வெடிக் குப்பையைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். எந்தக் காகிதத்துக்குள் எது பாக்கி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நமத்த வெடியை அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்கிற வழக்கமும் வேண்டாம்.

தீக்காயம் பட்டால் ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம். பேனா மை, பற்பசை, ஐஸ் எதுவும் கூடாது. கண்ணில் பட்டாலோ காயம் பெரிதாக இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனை.

அமெரிக்காவில் வாணவேடிக்கை செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு 1969-லிருந்து ஒரு சங்கம்கூட இருக்கிறது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் கைப்பிடி அளவு செய்வதும் 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். அதனால் நமக்கு அந்தப் பொழுதுபோக்கு இல்லை என்று நினைத்துக் கொண்டிருந்தேன். இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள், தீபாவளிக்கு மறுநாள், பத்துப் பன்னிரண்டு வயதுப் பசங்கள் சொல்லித் தர ஆளில்லாமல் செய்து கொண்டிருக்கிறார்கள். சொல்லித் தர ஆள் இருந்த வீட்டிலும் தழும்பைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறோம்.

அன்றைக்குப் பசங்களைக் கீழே அனுப்பிவிட்டு, தள்ளி நின்று குழாயைத் திறந்து மாடி முழுக்கத் தண்ணீர் விட்டேன். சாயங்காலம் பையன் வந்து, "அப்போ நீங்க மட்டும் ஏன் செஞ்சீங்க?" என்றான்.

"தெரியாம செஞ்சேன். அன்னைக்கு என்கிட்ட தீக்குச்சி மருந்து இல்ல. இருந்திருந்தா நானும் சேர்த்திருப்பேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக் கொண்டிருந்தான். தழும்புக் கதையை இனிமேல் இந்த வரியோடு சேர்த்துத்தான் சொல்வது என்று வைத்திருக்கிறேன்.